உதெல்லாம் ஒரு வெயிலோ?

2018ஆம் ஆண்டு மே மாதம் ஒஸ்லோவில் வெயில் எறிக்கத் தொடங்கியபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்படி ஒரு மே மாதத்தை இந்த நகரம் கண்டதில்லை என்று ரி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 30 பாகை. வேலைக்குப் போகிற வழியில் பூங்காக்களில் வெள்ளைக்காரர் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவித்த இறால் நிறத்தில் கிடந்தார்கள். தண்ணீர் குடியுங்கள், நிழலில் இருங்கள், தனியாக இருக்கிற வயோதிபரைப் போய்ப் பாருங்கள் என்று பத்திரிகைகள் புத்திமதி சொல்லின. பஸ்ஸில் ஒரு கிழவி பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அண்ணை சொன்னார்:

"உதெல்லாம் ஒரு வெயிலோ? சித்திரை மாசம் நயினாதீவிலை வந்து நிண்டு பாக்கச் சொல்லு."

நாங்களும் சிரித்தோம். சுடுமணலில் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். இந்த நாட்டில் எங்களுக்குப் படிப்பிக்க எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருந்தது. பனியில் எப்படி நடப்பது, குப்பையை எப்படிப் பிரிப்பது, பிள்ளையை எப்படி வளர்ப்பது. வெயில் ஒன்றுதான் எங்கள் சொந்தக் காணி மாதிரி மிஞ்சியிருந்தது. அதற்குள்ளும் வந்து வேலி போடுகிறார்களே என்ற எரிச்சலும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

நாங்கள் என்றால், குரூருட் பள்ளத்தாக்கில் அறுபதுகளில் கட்டிய தொடர்மாடி ஒன்றில் வாடகைக்கு இருந்த மூன்று பேர். எங்களோடு ஒரே ரெஸ்ரோரண்ட் குசினியில் நின்ற அண்ணையையும் சேர்த்தால் நாலு. மூன்று பேரும் 2009க்குப் பிறகு வந்தவர்கள். எங்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவர். இதை எழுதுவது அவர் கைதான். ஆனால் அந்தக் கோடையில் நடந்ததில் அவருக்கு மட்டும் என்று எதுவும் இல்லை. அண்ணை 1986இல் வந்தவர். மக்கள் உயர்பள்ளி ஒன்றில் படிக்கவென்று வந்து, பிறகு வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் மீன் வெட்டி, விரல் மூட்டுகள் விறைத்துப்போன பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கியவர். அந்த வருடம் அவருக்கு 56 வயது. குசினியில் அவருக்குக் கோப்பை கழுவுகிற மெஷின்.

யூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வேலை இல்லாத நாளாகப் பார்த்து, கோழிக்கால்களை மிளகாய்த்தூளில் ஊறவைத்துக்கொண்டு ஸ்டெய்ன்புரூ ஏரிக்கரைக்குப் போனோம். ஒருதரம் பாவித்துவிட்டு எறிகிற அலுமினியத் தட்டுக் கிறில் இரண்டு கொண்டுபோயிருந்தோம். ஏப்ரல் 15இலிருந்து செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் நெருப்பு மூட்டுவதற்கு இந்த நாட்டில் ஒவ்வொரு வருடமும் தடை இருக்கிறது. அந்த வருடம் மழையே இல்லாததால் இன்னும் இறுக்கியிருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். ஒரு தட்டு நெருப்பில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தோம்.

நெருப்புக்குச்சியை உரசமுதல் நாயோடு வந்த ஒரு வயதான பெண் எங்கள் முன்னால் நின்று கத்தத் தொடங்கினாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நிறத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்று எங்களுக்குள் தமிழில் முடிவும் கட்டினோம். அவள் அடுத்ததாகப் பத்து யார் தள்ளியிருந்த பொன்னிறத் தலைமயிர்ப் பையன்களிடம் போய், எங்களுக்குச் சொன்னதைவிடக் காரமான சொற்களில் பேசியபோதுதான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிறிலைப் பையில் வைத்தோம். திரும்பி வரும்போது அவள் எங்களிடம் மறுபடியும் நின்றாள். சப்பாத்து நுனியால் நிலத்தைக் கிளறிக் காட்டினாள். பாசி, ஊசியிலைச் சருகு, அதற்குக் கீழே மட்கிப் பொடியாய்ப்போன வேர். இது மண் இல்லை, இதுவே எரியும் என்றாள். மேலே அணைந்தது மாதிரி இருக்கும், கீழால் ஊர்ந்துபோய் நாலைந்து நாள் கழித்து வேறிடத்தில் எழும்பும் என்றாள். ஊரில் நெருப்பு மீறினால் நாங்கள் செய்வது மண்ணை அள்ளிப் போடுவது. எங்கள் செம்மண் நெருப்பைத் தின்றுவிடும். இங்கே காலுக்குக் கீழே இருப்பதே விறகு.

அடுத்த மாதம் சுவீடனில் லியூஸ்டால் பக்கம் காடு பற்றியபோது இத்தாலியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் தண்ணீர் ஊற்றுகிற விமானங்கள் வந்தன. நோர்வேயிலிருந்து ஹெலிகொப்ரர்கள் போயின. புல் காய்ந்து மாட்டுக்குத் தீனி இல்லாமல், ஐஸ்லாந்திலிருந்து கப்பலில் வைக்கோல் இறக்கினார்கள். மழையைத் திட்டியே பழகிய ஒரு சனம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கோழிக்காலை நாங்கள் வீட்டில் சட்டியில் பொரித்துத் தின்றோம்.

யூலையில் வீட்டில் படுக்க முடியாமல் போயிற்று. இந்த நாட்டு வீடுகள் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கவென்று கட்டப்பட்டவை. சுவருக்குள் பஞ்சு, யன்னலுக்கு இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி. மேற்குப் பார்த்த பல்கனியையும் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். பனிக்காலத்தில் அதற்காக நன்றி சொல்லியிருக்கிறோம். ஊரில் விறாந்தை உண்டு, முற்றம் உண்டு, ஓட்டுக்கு மேலே வேம்பு கவிந்து நிற்கும், பின்னேரம் சோளகம் வீசும், கிணற்றடியில் நாலு வாளி அள்ளித் தலையில் ஊற்றலாம். இங்கே உள்ளே புகுந்த சூட்டுக்கு வெளியே போக வழி தெரியாது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம், அதிகாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறுபடி கண்ணாடியில். இரவில் 20 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் அதை இவர்கள் 'துரோப்பநாத்' என்கிறார்கள்; அயனமண்டல இரவாம். ஈரத் துவாயை நிலத்தில் விரித்துப் புரண்டுவிட்டு, நித்திரை இல்லாமலே வேலைக்குப் போவோம்.

குசினி பற்றி அங்கே நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிற்காதவர்களுக்குச் சொல்கிறோம். பீற்சா போறணை 300 பாகைக்கு மேல். பக்கத்தில் ஆறு அடுப்பு. மூலையில் கோப்பை கழுவுகிற மெஷின். கடைசிக் கழுவலுக்கு அதில் தண்ணீர் 80 பாகைக்கு மேல் கொதிக்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருதரம் மூடியைத் தூக்க, நீராவி முகத்தில் அடிக்கும். பின்பக்க யன்னலைத் திறந்தால் மேல்வீட்டுக்காரர் மணக்கிறது என்று முறையிடுவதால் அது பூட்டியே கிடந்தது. ஒருநாள் குளிரறையில் தொங்குகிற வெப்பமானியைக் கொண்டுவந்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 43.

இதில் எங்கள் பௌதிகக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருந்தது. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. அது காய்வதால்தான் குளிர்கிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியாகப் போனால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். மறைவெப்பம் என்று உயர்தரத்திலேயே படித்த கணக்கு. ஊரில் காற்றடிக்க அடிக்க வியர்வை காயும், தோலில் உப்புப் பூத்திருக்கும். மெஷினடியில் காற்று ஏற்கெனவே நீராவியால் நிரம்பி வழிகிறது. அங்கே வியர்வை காயாது, வெறுமனே சொட்டும். உடம்பு தண்ணீரையும் உப்பையும் இழக்கும், குளிர்ச்சி ஒரு துளியும் கிடைக்காது. பரீட்சையில் இதற்கு முழுப் புள்ளி எடுத்தவர் அண்ணைக்கு மூன்று யார் தள்ளி நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

யூலை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. 27ஆம் திகதி. வெளியே 30 பாகைக்கு மேல். வெளி மேசைகள் எல்லாம் நிறைந்து, கோப்பைகள் மலையாய் வந்து குவிந்தன. மத்தியானத்திலிருந்தே அண்ணைக்குத் தலையிடி. குளிசை ஒன்று போட்டார். ஏழு மணிபோல் கால் பின்னுகிறது என்றார். எட்டு மணிக்கு ஒரு தட்டுக் கண்ணாடிக் குவளைகளைக் கீழே போட்டார். அவர் கோப்பை உடைத்து நாங்கள் கண்டதில்லை. அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும். நாங்கள் துடைப்பத்தை எடுத்துக் கூட்டிவிட்டுப் போய் எங்கள் வேலையைப் பார்த்தோம்.

ஒன்பது மணிக்கு அவர் மெஷினைப் பிடித்தபடி சரிந்து நிலத்தில் இருந்தார். கண் திறந்திருந்தது. தோல் நெருப்பாய்ச் சுட்டது. "அண்ணை, அண்ணை" என்று உலுப்பினோம். எங்களைப் பார்த்து, "படகு வந்திட்டுதே?" என்று கேட்டார். குறிகட்டுவானில் நின்று கேட்டாரோ, பின்மார்க்கில் மீன் படகுக்குக் காத்து நின்று கேட்டாரோ தெரியாது. ஒஸ்லோவில் நின்று கேட்கவில்லை.

இனிச் சொல்லப் போவதைச் சொல்ல எங்களுக்கு வெட்கம். கொஞ்சம் கிடத்தினால் சரியாகிவிடும் என்று முதலாளி சொன்னார். வெளி மேசையில் ஆட்கள் இருக்கும்போது வாசலில் அம்புலன்ஸ் வந்து நிற்பதை அவர் விரும்பவில்லை. அவரையே குறை சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எங்கள் மூன்று பேரின் பொக்கற்றிலும் ரெலிபோன் இருந்தது. 113 என்ற இலக்கம் மொழி வகுப்பின் முதல் மாதத்திலேயே பாடமாக்கினது. ஒருவருடைய விசாப் புதுப்பிப்பு குடிவரவுத் திணைக்களத்தில் கிடந்தது, அதற்கு இந்த முதலாளியின் சம்பளக் கடிதம் வேண்டும். இன்னொருவருக்கு, ரெலிபோனில் நோர்வேஜிய மொழி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்றாமவருக்குக் காரணமே இல்லை. ஷெல்லடிக்குள்ளே காயக்காரரைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்கள் நாங்கள். சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

அழைத்தது, கோடை விடுமுறைக்குப் பரிமாற வந்த ஒரு மாணவி. இருபது வயது இருக்கும். யாரையும் கேட்கவில்லை. ரெலிபோனைச் சத்தமாகப் போட்டு நிலத்தில் வைத்தாள். மறுபக்கத்தில் இருந்தவர் கேட்டார்: கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறாரா? மாறிப் பேசுகிறாரா? மாறிப் பேசுகிறார் என்றதும் குரல் மாறியது. வெளியே காற்றுள்ள இடத்துக்குத் தூக்குங்கள், உடுப்பைக் கழற்றுங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள், நினைவு தெளியாமல் வாயில் எதுவும் பருக்காதீர்கள். பின்முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கிடத்தினோம். தரை கழுவுகிற குழாயால் தண்ணீர் அடித்தோம். பீற்சாப் பெட்டி மட்டைகளால் விசிறினோம். அம்புலன்ஸ்காரர் காதில் வைத்துப் பார்த்தபோது 40க்கு மேல் இருந்தது. தண்ணீர் ஊற்றியது நல்லது என்று சொன்னார்கள். அந்த நன்றியும் அந்தப் பெட்டைக்குரியது.

அன்றிரவு சந்திர கிரகணம். ஆஸ்பத்திரி வாசலில் சனம் கட்டடங்களுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. நாங்களும் மாவு ஒட்டின உடுப்போடு நின்று பார்த்தோம். நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அண்ணை தப்பினார். நாலு நாள் வைத்திருந்தார்கள். சிறுநீரகத்தைப் பற்றிக் கொஞ்சம் பயந்தார்கள், பிறகு சரி என்றார்கள். பிரஷருக்கு அவர் எடுத்த குளிசை சலத்தை அதிகமாக இறக்கிறதாம். வெக்கை நாட்களில் அதை எப்படி எடுப்பது என்று டொக்டரிடம் கேட்டிருக்க வேண்டுமாம். கேட்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அங்கிருந்த நேர்ஸ் அவரிடம், எத்தனை வருடம் இந்த நாட்டில் என்று விசாரித்திருக்கிறாள். 32 என்றிருக்கிறார். அப்படியென்றால் வெயிலுக்கு நீங்களும் நோர்வேஜியர்தான் என்றாளாம். உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு கிழமை போதும். முந்தியே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்புக் குறையும், இரத்தத்தில் நீர் கூடும். சூட்டை விட்டு விலகினால் சில கிழமைகளில் அந்தப் பழக்கம் அவ்வளவும் கழன்றுபோகும். எங்கே பிறந்தாய் என்று உடம்பு ஞாபகம் வைத்திருப்பதில்லை. அண்ணை இதைக் கட்டிலில் இருந்துகொண்டு எங்களுக்குச் சொல்லிச் சிரித்தார்.

"இவங்கடை பாஸ்போட் எடுக்க எனக்குப் பதினொரு வருசம் பிடிச்சுது. வெயில் ஒரு பின்னேரத்திலை தந்திட்டுது."

நாங்கள் சிரிக்கவில்லை.

பிறகு நாங்கள் வாசித்துப் பார்த்தோம். தொழில் மேற்பார்வை அலுவலகமான ஆர்பைட்ஸ்தில்சீனே வேலையிடத்தில் 26 பாகைக்கு மேல் போகாமல் பார்க்கும்படி சொல்கிறது. ஆனால் இத்தனை பாகைக்கு மேல் வேலையை நிறுத்தியே தீரவேண்டும் என்று ஓர் எல்லை சட்டத்தில் இல்லை. முறைப்பாடு எழுதலாமா என்று இரண்டு இரவு கதைத்தோம். விசாக்காரர் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லாததே பதில் என்று மற்ற இருவரும் எடுத்துக்கொண்டோம். இதை வாசிக்கிற யாராவது எங்களைக் கோழைகள் என்றால் மறுத்துச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. எழுதாமல் செய்யக்கூடியதைச் செய்தோம். மெஷினில் ஒருவர் அரைமணித்தியாலம்தான் நிற்பது, பிறகு மாறுவது, எவ்வளவு சனம் வந்தாலும். பின்யன்னல் திறந்தே கிடப்பது, மேல்வீட்டுக்காரருக்கு நாங்களே பீற்சா கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் பண்ணுவது. கழுத்தில் ஈரத் துவாய். ஒரு வாளி மோர், உப்பும் தேசிக்காயும் விட்டு, குளிரறைக் கதவடியில். கோலாவைக் குடித்துக்கொண்டு நின்ற முதலாளியே மூன்றாம் நாள் ஒரு குவளை அள்ளிக் குடித்தார். அண்ணைக்குப் பதிலாக யாரையும் எடுக்க வேண்டாம், அவர் வரும் வரைக்கும் நாங்கள் பிரித்துச் செய்கிறோம் என்று சொன்னதற்கும் தலையாட்டினார்.

அந்தக் கிழமைதான் எங்களுக்கு ஏழாம் மாடியில் இருந்த ஓர் அம்மாவின் ஞாபகம் வந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பின்னேரம் வரை தனியே இருப்பவர். போய் மணி அடித்தோம். கதவு திறந்ததும் போறணை மூடியைத் திறந்த மாதிரி இருந்தது. யன்னல் முழுக்கப் பூட்டு. காலில் மேசு, மேலே கம்பளிச் சட்டை. ஊரில் மத்தியானம் யன்னலைச் சாத்தி வைப்பதுதான் முறை, அந்த முறை பிழையுமில்லை. ஆனால் அங்கே யன்னலுக்கு மரப் பலகை. இங்கே கண்ணாடிக்கால் வெயில் நேரே உள்ளே வந்து குந்திவிடுகிறது, துணியைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கமாகக் கட்டினால்தான் கொஞ்சமாவது தடுக்கும். தண்ணீர் குடித்தீங்களா அம்மா என்று கேட்டோம். "முழங்கால் ஏலாதப்பு, குடிச்சா அடிக்கடி எழும்பிப் போக வேணுமெல்லே" என்றார். வெள்ளைச் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பல்கனியில் வெளிப்பக்கமாகக் கட்டிவிட்டு வந்தோம். நோர்வேஜியப் பக்கத்துவீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் தன் பல்கனியில் படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தாள்.

2003 ஓகஸ்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் வெக்கையில் செத்தார்கள். பெரும்பாலும் வயோதிபர், அவர்களில் பலர் தனியே இருந்தவர்கள். லா சப்பல் பக்கம் இருக்கிற வாசகர்களுக்கு அந்த ஓகஸ்ட் ஞாபகம் இருக்கும். கூரைக்குக் கீழே உள்ள சிற்றறைகளையும் தெரிந்திருக்கும். 2022 கோடையில் ஐரோப்பா முழுவதும் 60,000க்கு மேல் என்று ஆய்வாளர் கணக்கிட்டார்கள். இது எங்கள் ஆட்களுக்கு வராது என்று நினைப்பதற்கு ஒரு காரணத்தை 2018 மே மாதத்தில் எங்களால் சொல்லியிருக்க முடியும். இப்போது முடியாது. அந்தக் காலம் வந்த பெடியன்களுக்கெல்லாம் இப்போது பிரஷர், நீரிழிவு, முழங்கால். பனியில் வழுக்கி விழுந்ததைச் சொல்லுவார்கள். வெக்கையில் தலைசுற்றினதைச் சொல்ல மாட்டார்கள், மானம் போய்விடும்.

அண்ணை மெஷினடிக்குத் திரும்பி வரவில்லை. ஒரு பாலர் பாடசாலைக் குசினியில் பாதிநாள் வேலை எடுத்தார். விசாக்காரருக்கு விசா வந்தது, அவர் வேறிடம் போனார். மற்ற இருவரும் இன்னும் அதே குசினியில்தான். ஏழாம் மாடி அம்மாவைத் தினமும் ஒரு மணிக்குக் கூப்பிடுவதாக அண்ணை ஆஸ்பத்திரியால் வந்த கிழமையே பொறுப்பெடுத்தார். அடுத்தடுத்த கோடைகளில் அந்த ஒன்று ஒன்பது பேராய்ப் போயிற்று. 2025 யூலையில் துருவ வட்டத்துக்கு மேலேயும் நாள்கணக்காக 30 பாகை தாண்டியபோது, பின்மார்க்கில் இன்னும் இருக்கிற பழைய மீன் தொழிற்சாலைக் கூட்டாளி ஒருவரையும் சேர்த்துக்கொண்டார். எல்லோரிடமும் ஒரே கேள்விகள். யன்னலுக்கு வெளியாலை துணி கட்டினனியோ? தண்ணி குடிச்சனியோ? இண்டைக்கு என்ன கிழமை சொல்லு பாப்பம்? கடைசிக் கேள்விக்குச் சிலர் கோபப்படுவார்கள். படகு எப்போது வரும் என்று திருப்பிக் கேட்கிற பகிடிக்காரரும் உண்டு.

வெக்கை நாளில் எங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு அழைப்பு வரும். அந்த நேரம் குசினியில் ரெலிபோன் எடுக்க ஒருவருக்கும் கை ஒழியாது. எடுக்காவிட்டால் விடமாட்டார்.

"மெஷினிலை இப்ப ஆர் நிக்கிறது?"

சொல்வோம்.

"எத்தினை மணிக்கு மாறினது?"

மணிக்கூட்டைப் பார்ப்போம்.

"பத்து நிமிசம் கூடிப்போச்சுது அண்ணை."

"அப்ப என்னோடை என்ன கதை? போனை வை. போய் மாத்து."